வெந்நீர் அடுப்பில் போன பனைமரங்கள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து:

படித்து அழுத காமிக்ஸ் எது என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது கிரெய்க் தாம்ப்சன் எழுதி வரைந்த 'பிளாங்கெட்ஸ்', அதாவது 'போர்வைகள்'. 2003இல் வந்தது, ஏறக்குறைய 600 பக்கம், முழுக்கக் கறுப்பு வெள்ளை. கோவையில் படித்த மாமா மகன் லீவுக்கு வந்தபோது கொண்டுவந்தான். அதுவரை காமிக்ஸ் என்றால் எனக்கு முத்து காமிக்ஸின் இரும்புக்கை மாயாவிதான்.

இது தாம்ப்சனின் சொந்தக் கதை. அமெரிக்காவின் விஸ்கான்சினில், பக்தி மிகுந்த வீட்டில் வளரும் பையன். தம்பியோடு ஒரே கட்டில், போர்வைக்குச் சண்டை, பள்ளியில் அடி, அப்புறம் காதல். ரெய்னா என்ற பெண் துண்டுத்துணிகளைச் சேர்த்து அவனுக்கு ஒரு போர்வை தைத்துத் தருகிறாள். கண்ணீர் நிறையத்தான். "சீரியல் மாதிரி இருக்குடா" என்றான் மாமா மகன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த வயதில் ஒரு பெண் பேசாமல் போனால் சோறு இறங்காதே.

ஓரிடத்தில், வரைவது கடவுளிடமிருந்து தன்னைத் திசைதிருப்புகிறது என்று நம்பி, அவன் தன் படங்களையெல்லாம் தானே எரிக்கிறான். அதற்கு மேல் அன்று என்னால் படிக்க முடியவில்லை.

பத்தாம் வகுப்பில் என் கணக்கு நோட்டின் பின்பக்கமெல்லாம் பனைமரம். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அடிக்கும்போது ஓலைகள் ஒரே பக்கமாகச் சாயும். அதைத்தான் திரும்பத் திரும்ப வரைவேன். ஆசிரியர் ஒருவர் நோட்டைத் தூக்கிக் காட்டி வகுப்பையே சிரிக்க வைத்தார். அன்று சாயங்காலம் வெந்நீர் அடுப்பில் அதைச் செருகினேன். எரிக்கச் சொல்லி யாரும் சொல்லவில்லை, நானேதான். வீட்டில் இன்றுவரை தெரியாது.

தாம்ப்சன் பனிக்காற்றைத் தூரிகையால் சுழற்றிச் சுழற்றி வரைந்திருப்பார். பனி கொட்டி நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தக் கோடு எனக்குத் தெரிந்த கோடு. மறுவாரமே பொள்ளாச்சிக்குப் போய் ஒரு பாட்டில் கறுப்பு மையும் ஒரு மெல்லிய பிரஷும் வாங்கினேன்.

மூணாறிலிருந்து:

அண்ணா, எஸ்டேட் லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீட்டில், எங்களுக்கு ஒரே அறை. எனக்கும் தங்கச்சிக்கும் சேர்த்து ஒரு கம்பளி. ஜனவரியில் இங்கே புல் மேல் உறைபனி படரும், அந்தக் குளிரில் யார் பக்கம் கம்பளி என்று தினமும் இழுபறி. போர்வைச் சண்டைப் பக்கத்தைக் காட்டினேன். "அக்கா, இது நாமதான்" என்று அவள் புத்தகத்தையே பிடுங்கிக்கொண்டாள்.

பனைமரத்தை மறுபடி வரைந்தீர்களா? வரைந்திருந்தால் இங்கே போடுங்கள் அண்ணா.