பாரோரிசெப்டர்: ‘அழுத்த ஏற்பி’யா, ‘விரிவுணரி’யா?

அன்புள்ள குழுவினருக்கு,

இரத்த அழுத்த மாற்றத்தை மூளைக்குத் தெரிவிக்கும் நரம்பு முனைகளே பாரோரிசெப்டர்கள். நம் கலைச்சொல் பட்டியலில் இவற்றுக்கு என்ன பெயர் வைப்பது என்ற பேச்சில் வந்த கருத்துகளுக்கு என் பதில் இது. ‘விரிவுணரி’ என்பதே என் பரிந்துரை.

> பாரோ என்றால் அழுத்தம், ரிசெப்டர் என்றால் ஏற்பி. ‘அழுத்த ஏற்பி’ என்றே வைத்துக்கொள்ளலாமே?

ஐயா, எனக்கு இதில் உடன்பாடில்லை. அந்த நரம்பு முனைகள் அழுத்தத்தை நேரடியாக அறிவதில்லை. கழுத்தில் கரோட்டிட் தமனி இரண்டாகப் பிரியும் இடத்திலும் பெருந்தமனி வளைவிலும் சுவருக்குள் பதிந்திருந்து, சுவர் இழுபடுவதையே அறிகின்றன. 1949-இல் நாய்களின் கரோட்டிட் சைனஸை (அந்தத் தமனி பிரியும் இடத்துப் புடைப்பை) சுற்றி மாவுக்கட்டுப் போட்டு, விரியவிடாமல் செய்து பார்த்தார்கள். உள்ளே அழுத்தம் ஏறியும், இரத்த அழுத்தத்தைக் குறைக்கும் அனிச்சைச் செயல் எழவில்லை.

படுத்திருந்தவர் எழுந்து நின்றதும் சுமார் அரை லிட்டர் இரத்தம் கீழ்ப்பாதி உடலுக்கு இறங்குகிறது. தமனிச் சுவர் தளர்கிறது. ஒன்பதாம், பத்தாம் மூளை நரம்புகள் வழியே மூளையின் அடிப்பகுதியான முகுளத்துக்குப் போகும் சமிக்ஞைகள் குறைகின்றன. சில நொடிகளிலேயே இதயம் வேகமெடுக்கிறது, இரத்தக் குழாய்கள் இறுகுகின்றன.

‘அழுத்தம்’ உண்மையில் சிக்கலாவது இதயத்தின் மேலறைகளுக்கு வரும்போதுதான். அங்குள்ள இத்தகைய நரம்பு முனைகளை ஆங்கில நூல்கள் ‘லோ பிரஷர்’ வகை என்கின்றன. ‘குறையழுத்த ஏற்பி’ என்று எழுதினால், இரத்த அழுத்தம் குறைந்ததைக் கண்டுபிடிப்பவை என்றுதான் மாணவர் படிப்பார். அவை அளப்பதோ உடலில் இரத்தம் எவ்வளவு நிரம்பியிருக்கிறது என்பதை. மேலறை அதிகம் விரிந்தால் நீரைத் தேக்கும் வாசோபிரசின் சுரப்பு குறைகிறது. மேலறைத் தசையே ஒரு ஹார்மோனைச் சுரந்து உப்பையும் நீரையும் சிறுநீரில் வெளியேற்றவும் செய்கிறது. ‘தமனி விரிவுணரி’, ‘மேலறை விரிவுணரி’ என்றால் இரண்டும் ஒரே குடும்பம் என்பது பெயரிலேயே தெரியும்.

‘ஏற்பி’யை விட்டுவிடவும் காரணம் உண்டு. இரத்தக் குழாய்களை இறுக்கும் ஹார்மோனான ஆஞ்சியோடென்சின் போய் ஒட்டும் புரதத்தையும் ஏற்பி என்கிறோம். ஒரே பத்தியில் இரண்டும் வந்தால் குழப்பம்தான்.

> நுரையீரலிலும் சிறுநீர்ப்பையிலும் விரிவுணரிகள் உண்டே?

உண்டு, அம்மா. அதனால்தான் முன்னொட்டு இல்லாமல் இந்தச் சொல்லைப் பட்டியலில் ஏற்ற வேண்டாம் என்கிறேன்.

‘நாள விரிவுணரி’யும் வேண்டாம். தமிழ்நாட்டில் இரத்தநாளம் எல்லாக் குழாய்க்கும் பொது. இலங்கைப் பாடநூல்களில் நாடி என்பது தமனி, நாளம் என்பது சிரை. அங்கே படித்தவர் சிரையைத் தேடிப் போவார். ‘நாடி விரிவுணரி’ என்றால் அங்குள்ள மாணவருக்கு இயல்பாக இருக்குமா என்று ஈழத்து நண்பர்கள் சொல்லுங்கள். ‘தமனி விரிவுணரி’, ‘நாடி விரிவுணரி’ இரண்டையும் இணைச்சொற்களாகப் பதிந்துவிடலாம்.