கிரீஸ் ட்ராப் சுத்தமாகத்தான் இருக்கு, வெளி சேம்பர் மட்டும் அடைக்குது. ஏன்?

மெஸ்_வேளச்சேரி
வணக்கம். 50 பேர் உட்காரும் மெஸ். காலையில் இட்லி, தோசை, பொங்கல், மதியம் சாப்பாடு, ராத்திரி பரோட்டா, மட்டன் குழம்பு. இரண்டு சிங்க்குக்கும் சேர்த்து 100 லிட்டர் ஸ்டீல் ட்ராப் (கழுவுற தண்ணியில் இருந்து கொழுப்பைப் பிரிச்சு நிறுத்துற பெட்டி), தண்ணி ஆழம் 40 செ.மீ. வாரம் ஒருமுறை திறக்கிறோம், மேலே விரல் கனம்கூட கொழுப்பு இல்லை. ஆனா மூணு வாரத்துக்கு ஒருமுறை வெளி சேம்பர் (ட்ராப் தண்ணி சாக்கடைக்குப் போற வழியில் இருக்கிற தொட்டி) அடைச்சு தண்ணி ஏறுது. கடை மூடும்போது கொதிக்கிற தண்ணியும் காஸ்டிக் சோடாவும் ஊத்துறோம். பெரிய ட்ராப் வாங்கணுமா, கொழுப்பைத் தின்னுற பாக்டீரியா லிக்விட் போட்டா போதுமா?

பைப்லைன்_பெரம்பூர்
சார், இப்போதைக்கு இரண்டுமே வாங்காதீங்க. பரோட்டாவும் மட்டனும் போடுற கடையில் ஒரு வாரத்துக்கு அப்புறமும் ட்ராப்பில் கொழுப்பு படியலைன்னா, அது அங்கே நிக்காம தாண்டிப் போகுதுன்னு அர்த்தம்.

முதல்ல அந்த கொதிதண்ணியையும் காஸ்டிக்கையும் நிறுத்துங்க. ட்ராப் வேலை செய்றதே தண்ணி ஆறி, கொழுப்பு மேலே மிதந்து, வண்டல் கீழே இறங்கி, நடுத்தண்ணி மட்டும் வெளியே போறதால்தான். கொதிதண்ணி கொழுப்பை உருக்கும், காஸ்டிக் அதை சோப்பாக்கும். இரண்டும் பத்தடி தள்ளி குழாயில் போய் இறுகும். சென்னை வெயிலுக்கு எதுவும் உறையாதுன்னு நிறைய பேர் நம்புறாங்க. மட்டன் கொழுப்பு உருக 40 டிகிரிக்கு மேல வேணும். மண்ணுக்கு அடியில் இருக்கிற குழாயில் அந்தச் சூடு கிடையாது.

அடுத்து, வெளியே போற வாயில் டீ (T வடிவக் குழாய்த் துண்டு) இருக்கான்னு பாருங்க. அதோட கீழ்க்கால் தண்ணி ஆழத்தில் மூணில் இரண்டு பங்கு இறங்கியிருக்கணும், உங்களுக்கு சுமார் 27 செ.மீ. அடைப்பு எடுக்க வர்றவங்க கம்பி விட வசதியா அதைக் கழட்டிட்டு திரும்ப மாட்டாமலே போயிடுவாங்க. டீ இல்லாத ட்ராப் வெறும் பெட்டி, மிதக்கிற கொழுப்பு நேரா வழிஞ்சு போயிடும்.

பாக்டீரியா லிக்விடை நம்பி சுத்தம் பண்றதை விடாதீங்க. காஸ்டிக்கும் பிளீச்சும் அந்தக் கிருமியையே கொன்னுடும்.

மெஸ்_வேளச்சேரி
இப்போதான் திறந்து பார்த்தேன், டீ இல்லை சார், வெறும் ஓட்டைதான் இருக்கு. மாட்டினப்புறம் எத்தனை நாளைக்கு ஒருமுறை எடுக்கணும்?

பைப்லைன்_பெரம்பூர்
நாள் கணக்கு வேண்டாம், அளந்து முடிவு பண்ணுங்க. கண்ணாடி மாதிரி உள்ளே தெரியுற ஒரு இஞ்ச் பிளாஸ்டிக் குழாயை அடிவரைக்கும் மெதுவா இறக்கி, மேல் வாயை கட்டைவிரலால் அடைச்சுத் தூக்குங்க. கொழுப்பு, தண்ணி, வண்டல் மூணும் தனித்தனியா தெரியும். மேல் கொழுப்பும் அடி வண்டலும் சேர்ந்து ஆழத்தில் கால் பங்கு, அதாவது 10 செ.மீ. வந்துட்டா அன்னைக்கே எடுக்கணும். முதல் மாசம் மூணு நாளைக்கு ஒருமுறை அளந்து நோட்டில் எழுதுங்க, உங்க கடையோட கணக்கு தானா தெரிஞ்சிடும்.

எடுக்கும்போது தண்ணி நல்லா ஆறியிருக்கணும். முதல்ல கொழுப்பை அள்ளி மூடி போட்ட வாளியில் போடுங்க. அப்புறம் நடுத்தண்ணியை இன்னொரு டிரம்மில் மொண்டு வெச்சுட்டு அடி வண்டலை வாருங்க. தடுப்புத் தகட்டையும் டீயோட உள்பக்கத்தையும் சுரண்டுங்க. மூடி ரப்பர் வெடிச்சிருந்தா மாத்துங்க, நாத்தம் பெரும்பாலும் அந்த வழியாத்தான் வரும். கடைசியா, வெளி வாயில் வழியுற வரைக்கும் பச்சைத்தண்ணி நிரப்புங்க. நிறைய பேர் காலியா விட்டுடுறாங்க; மறுநாள் முதல் சிங்க் தண்ணி கொழுப்போட அப்படியே ஓடிடும்.

கிச்சன்_தி.நகர்
டிபன் கடைக்கு எண்ணெயைவிட மாவுதான் தொல்லை, அண்ணா. கிரைண்டர் கழுவின தண்ணி, கஞ்சி, சாம்பார் பருப்பு, தேங்காய்த் துருவல் எல்லாம் அடியில் இறங்கி இரண்டே நாளில் புளிச்சு நாறும். சிங்க் வாயில் கண் சிறிய சல்லடை போடுங்க. கடாய், குருமா பாத்திரத்தை ரப்பர் கரண்டியால் வழிச்சு குப்பையில் போட்டுட்டு கழுவுங்க. ஒருமுறை பொரிச்ச எண்ணெயை சிங்க்கில் விடவே கூடாது. தனி டின்னில் சேர்த்து, பயோடீசலுக்கு வாங்குற அனுமதி பெற்றவங்ககிட்ட கொடுங்க. ஒரு நாளைக்கு 50 லிட்டருக்கு மேல எண்ணெய் புழங்குற கடை அதுக்குப் பதிவேடு வைக்கணும்னு எஃப்எஸ்எஸ்ஏஐ (மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம்) விதியே இருக்கு.

இரண்டு சிங்க்கையும் ஒரே நேரத்தில் திறக்காதீங்க. 60×45×30 செ.மீ. சிங்க் முக்கால் நிறைஞ்சா 60 லிட்டர். இரண்டும் சேர்ந்து இரண்டு நிமிஷத்தில் இறங்கினா, 100 லிட்டர் ட்ராப்பில் தண்ணி இரண்டு நிமிஷம்கூட நிக்காது. கொழுப்பு எப்படிப் பிரியும்?

மழைக்கு_முன்
அள்ளின கொழுப்பை மழைநீர் வடிகாலில் ஊத்தாதீங்க, ஆத்துக்கும் கால்வாய்க்கும்தான் போய்ச் சேரும். மரத்தூளோ தேங்காய் நார்த்தூளோ கலந்து கெட்டியாக்கி குப்பைக்குக் கொடுங்க. அக்டோபர் மழைக்கு முன்னாடி ட்ராப்பையும் சேம்பரையும் ஒருசேர சுத்தம் பண்ணிட்டு, ட்ராப்புக்கு அந்தப்பக்கம் ஒருவழி வால்வு மாட்டுங்க. தெரு சாக்கடை நிரம்பினா அது உங்க சிங்க்குக்குத் திரும்பாது.

தரைக்கடியில் பெரிய தொட்டி இருந்தா ஆளை உள்ளே இறக்கவே கூடாது. கையால் மலம் அள்ளுறதைத் தடை பண்ற 2013 சட்டம், சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் பாதுகாப்பில்லாம ஆளை இறக்குறதையும் தடை பண்ணுது. ஹைட்ரஜன் சல்ஃபைடு அதிகமானா மூக்கு மரத்துப்போகும், நாத்தமே தெரியாது. நாத்தம் இல்லைன்னு தைரியமா இறங்குறவர் அங்கேயே விழுவார். உறிஞ்சுற லாரியைத்தான் கூப்பிடணும்.