மறு: ‘ரிங் கவுன்ட்டிங்’: பட்டமா, மோதிரமா, வாகையா?

> பேஸ்பால் வீரர் உலகத் தொடரை (அமெரிக்காவின் இரண்டு பெரிய லீக்குகளிலும் வென்ற அணிகள் ஆண்டுதோறும் மோதும் இறுதித் தொடர்) எத்தனை முறை வென்றார் என்று எண்ணி அவரை எடைபோடுவதற்குப் ‘பட்டக் கணக்கு’ போதாதா?

போதாது ஐயா. நம் கலைச்சொல் பட்டியலில் ‘ரிங் கவுன்ட்டிங்’ (வென்ற அணியினர் பெறும் மோதிரங்களை எண்ணுவது) என்பதற்குத் தமிழ்ச் சொல் தேடுகிறோம். அந்த ஆட்டத்தில் தனி ஆளுக்கும் பட்டம் உண்டு. லீக்கில் பேட்டிங் சராசரியில் (மட்டை வாய்ப்புகளில் எத்தனையில் ‘ஹிட்’, அதாவது பந்தை அடித்துத் தளத்தை எட்டுவது, கிடைத்தது என்ற விகிதம்) முதலில் நிற்பவர் அந்த ஆண்டின் பேட்டிங் பட்டம் பெறுகிறார். டெட் வில்லியம்ஸ் 6 முறை பெற்றார். உலகத் தொடரை ஒருமுறைகூட வென்றதில்லை. நம் சொல்லைப் பார்ப்பவர் அவர் பெயருக்கு நேரே 6 போடுவார். போட வேண்டியது 0.

‘மோதிரக் கணக்கு’ மூலச் சொல்லுக்கு நெருக்கம்தான். ஆனால் வென்ற அணி பயிற்சியாளர்களுக்கும் அலுவலக ஊழியர்களுக்கும்கூட மோதிரம் தருகிறது. மோதிரத்தை எண்ணினால் ஆடியவர், ஆடாதவர் எல்லாரும் கலந்துவிடுவார்கள்.

> அப்படியென்றால் ‘வாகையெண்’?

வாகை மிகப் பொருத்தம். ‘எண்’தான் உறுத்துகிறது. அணு எண், குறியீட்டு எண் என்பவை போல, வீரரிடமே உள்ள ஒரு பண்பை அளந்ததாகத் தோன்றும். இந்த எண்ணிக்கை அணியைச் சொல்கிறது, ஆளை அல்ல. ஒன்பது பேர் வரிசை மாறாமல் மட்டை பிடிக்கிறார்கள். எத்தனை பெரிய ஆட்டக்காரருக்கும் ஓர் ஆட்டத்தில் நான்கைந்து வாய்ப்புதான். நெருக்கடி நேரத்தில் அவரை முன்னால் இழுத்து நிறுத்த விதி இடம் தராது. எர்னி பேங்க்ஸ் சிகாகோ கப்ஸுக்காக 2,528 ஆட்டம் ஆடி 512 ஹோம் ரன் அடித்தார்; பருவத்துக்குப் பிந்தைய ஆட்டம் (வழக்கமான லீக் ஆட்டங்கள் முடிந்தபின் வாகைக்காக நடப்பது) ஒன்றுகூட அவருக்கு வாய்க்கவில்லை. நியூயார்க் யாங்கீஸ் அணியின் யோகி பெர்ராவுக்கு உலகத் தொடரில் 10 வெற்றி. அவர் அருமையான கேட்சர் (மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்தைப் பிடிப்பவர்) என்பதில் சந்தேகமே இல்லை, ஆனால் அந்தப் பத்தில் யாங்கீஸின் பங்கைப் பிரித்துக் காட்ட வழியில்லை. காலமும் சேர்கிறது: அவர் ஆடிய பெரும்பாலான ஆண்டுகளில் மொத்தம் 16 அணிகள், லீக்கில் முதலிடம் பிடித்தால் நேரே உலகத் தொடர். இன்று 30 அணிகள். 12 அணிகள் தகுதி பெற்றுச் சுற்றுச் சுற்றாக மோதுகின்றன.

> வில்லியம்ஸ் 1946 தொடரில் 25 வாய்ப்பில் 5 ஹிட்தானே எடுத்தார்? அது எண்ணப்பட வேண்டாமா?

வேண்டும், ஆனால் இங்கே அல்ல. அது அவரே ஆடிய ஆட்டம். ‘பின்பருவப் பதிவு’ என்று தனிச் சொல்லாகச் சேர்ப்போம்.

பட்டியலுக்கு என் வரைவு:

வாகைக் கணக்கு: ஒரு வீரர் ஆடிய அணிகள் வென்ற உலகத் தொடர்களை எண்ணி, அதை அவருடைய தகுதியாகக் கொள்ளும் வழக்கம். லீக் வெற்றி சேராது. எ-டு: ‘வாகைக் கணக்கு மட்டும் பார்த்தால் பேங்க்ஸ் கண்ணில் படவே மாட்டார்.’