யூரியாவை நீக்கினால் ஜி-சிஎஸ்எஃப் புரதம் திரிந்துபோகிறது: உதவி வேண்டும்

சென்னை கிண்டியில் ஒரு கல்லூரி ஆய்வகம். வெள்ளணுக்கள் உருவாவதைத் தூண்டும் மனித ஜி-சிஎஸ்எஃப் புரதத்தை ஈ.கோலை பி.எல்.21 பாக்டீரியாவில் தயாரிக்கிறோம். மஜ்ஜை செல் வளர்ப்புக்கு வேண்டும். விலைக்கு வாங்க நிதி போதாது. புரதம் நிறைய வருகிறது, ஆனால் எல்லாமே இன்க்ளூஷன் பாடியாக, அதாவது செல்லுக்குள் கரையாத திரளாக.

புரத உற்பத்தியைத் தூண்டும் ஐபிடிஜியை 0.1 மில்லிமோலாருக்குக் குறைத்து 18 டிகிரியில் வளர்த்தும் மாறவில்லை. சரி என்று 8 மோலார் யூரியாவில் கரைத்தால் தெளிவாக இருக்கிறது. அப்புறம் 4 டிகிரியில், பி.எச். 8 டிரிஸ் பஃபரில் டயாலிசிஸ் (சவ்வுப் பையில் இட்டு யூரியாவை மெல்ல வெளியேற்றுவது) வைத்தால், யூரியா 2 மோலாருக்கு இறங்கும்போது பைக்குள் வெள்ளையாகத் திரிகிறது. புரதம் சரியாக மடிய உதவும் அர்ஜினின், இருவகை குளுட்டாதயோன் (ஒடுக்கியது, ஆக்சிஜனேறியது) எல்லாம் சேர்த்தாயிற்று. டைசல்ஃபைடு பிணைப்பை உடைக்கும் டிடிடி போடாத ஜெல்லில் 19 கிலோடால்டன் பட்டைக்கு மேலே டைமரும் (இரண்டு மூலக்கூறு இணைந்தது) தெரிகிறது. 17-ஆவது இடத்தில் இணையில்லாமல் தனியாக நிற்கும் சிஸ்டைன் அமினோ அமிலத்தின்மேல்தான் எனக்குச் சந்தேகம்.

அதைச் செரினாக மாற்றுவதா, டயாலிசிஸை விட்டுச் சொட்டுச் சொட்டாகப் பஃபரில் விட்டு நீர்க்கச் செய்வதா, எதை முதலில் செய்யலாம்?