பார்கெட்டாவை நேரில் பார்த்தவர்கள் எழுதுங்கள்

கல்மண்டபத்தான்:
பெராரி 550 பார்கெட்டா, நிலையான கூரை இல்லாத திறந்த கார். மொத்தமே 448 வண்டி என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். அதில் ஒன்றுக்கு நான் கூரை மாட்டியிருக்கிறேன்.

2014, துபாய். பழைய கார் ஷோரூமில் வண்டி துடைக்கும் வேலை. மஞ்சள் வண்டி விற்பனைக்கு வந்தது. வாங்க வந்தவர் கூரையைப் போட்டுக் காட்டச் சொன்னார். டிக்கியில் இருந்த பையைத் திறந்தால் கம்பியும் துணியும்தான். நானும் மலையாளி அண்ணன் ஒருவரும் இருபது நிமிஷம் போராடினோம். முன்கண்ணாடி விளிம்புக்குத் துணி எட்டவே இல்லை. அப்பா மீன்பாடி வண்டிக்குத் தார்ப்பாய் கட்டும்போது இரண்டு முனையையும் ஒரே நேரத்தில் இழுப்பார். அப்படி இழுத்ததும் வந்து உட்கார்ந்தது.

வாங்க வந்தவர் கூரையைப் பார்க்கக்கூட இல்லை. டேஷ்போர்டில், வண்டியை வடிவமைத்த கம்பெனியின் தலைவர் செர்ஜியோ பினின்ஃபரீனாவின் கையெழுத்தோடு இருந்த தகட்டை, வண்டி எண்ணோடு சேர்த்து விரலால் தடவிக்கொண்டே இருந்தார். "சரி, கழற்றிவிடு" என்றார். கழற்றும்போது என் நகம் பட்டு ஓரத்தில் தையல் பிரிந்துவிட்டது. அப்படியே மடித்துப் பையில் வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை. மறுவாரம் வண்டி விற்றுப்போனது.

காசிமேடு 13:
நீங்கள் பார்த்தது பெராரியின் இன்னொரு திறந்த காரான 360 ஸ்பைடராக இருக்கும். அதுவும் மஞ்சளில் நிறைய உண்டு.

கல்மண்டபத்தான்:
360 ஸ்பைடரில் பட்டனை அழுத்தினால் கூரை தானாக மூடிக்கொள்ளும், இன்ஜினும் பின்னால். நான் துடைத்த வண்டிக்கு முன்னால் வி12, பன்னிரண்டு சிலிண்டர் இன்ஜின். கூரைக்காக நான் பட்ட பாட்டைத்தான் எழுதியிருக்கிறேனே.

காசிமேடு 13:
சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தக் கூரை மழைக்கு ஒதுங்கும் வரைக்கும்தான். சுமார் 110 கிலோமீட்டர் வேகத்துக்கு மேல் அதோடு போகாதீர்கள் என்று கம்பெனியே சொன்னது. பார்கெட்டா என்றால் இத்தாலிய மொழியில் சின்னப் படகு. எங்கள் படகிலும் தார்ப்பாய்தான், அதற்கு யார் வேகக் கணக்குப் பார்க்கிறார்கள்?

மணலிக்காரன்:
எனக்கு நடந்தது மாதவரத்தில். ஒரு குடோனில் தார்ப்பாய் போட்டு மூடிய சிவப்பு வண்டி. "550 பார்கெட்டா, போர்ட்டில் இருந்து நேராக வந்தது, பேப்பர் ரெடி" என்றார் தரகர். என் மச்சான் இரண்டு லட்சம் அட்வான்ஸோடு நின்றான். பானெட்டைத் திறக்கச் சொன்னால் லாக் சிக்கிக்கொண்டது என்றார். நான் குனிந்து சக்கரத்தைப் பார்த்தேன். நாலு போல்ட். 550க்கு ஐந்து. மச்சானின் கையைப் பிடித்து இழுத்து வந்துவிட்டேன்.

இதைப் படிப்பவர்கள் தயவுசெய்து கேளுங்கள். பழைய காரை இந்தியாவுக்குள் கொண்டுவர வேண்டுமென்றால், அது தயாராகி மூன்று வருஷத்துக்கு மேல் ஆகியிருக்கக் கூடாது. ஸ்டீயரிங் வலது பக்கம் இருக்க வேண்டும். மும்பை துறைமுகம் வழியாகத்தான் வர முடியும், ராயபுரம் பக்கம், சென்னைத் துறைமுகத்தில் இறங்கியது என்றாலே சந்தேகப்படுங்கள். கார்னெட்டில், அதாவது தற்காலிகமாகக் கொண்டுவரும் சுங்க அனுமதியில், வந்த வண்டி என்றால் குறித்த காலத்துக்குள் திரும்பிப் போயாக வேண்டும், அதை விற்கவே முடியாது. 550 பார்கெட்டா பாரிஸ் கார் கண்காட்சியில் முதலில் காட்டப்பட்டது 2000இல், அப்படியிருக்க மூன்று வருஷக் கணக்கு இன்று எப்படிப் பொருந்தும்? அப்புறம் சேசிஸ் எண். பதினேழு எழுத்து, தொடக்கம் இசட் எஃப் எஃப். ஆர்சியில் இருப்பதையும் வண்டியில் இருப்பதையும் நீங்களே ஒவ்வொரு எழுத்தாக ஒப்பிடுங்கள். போட்டோவை நம்பாதீர்கள். சும்மா பார்க்கப் போகிறேன் என்றாலும் பணம் எடுத்துப் போகாதீர்கள்.

காசிமேடு 13:
கல்மண்டபத்தான் வாங்கப் போகவில்லையே மணலி. தையலைப் பற்றித்தானே எழுதினார்.

தண்டையார்பேட்டை டாப்:
நான் ஜீப்புக்கும் ஜிப்சிக்கும் டாப், அதாவது துணிக்கூரை, தைப்பவன், இருபத்தாறு வருஷத் தொழில். நல்ல நூல் நகம் பட்டுப் பிரியாது. வெயிலில் கிடந்த நூல்தான் இற்றுப்போய் மாவு மாதிரி உதிரும், துணி புதுசு போலவே இருக்கும். போன மாதம் எண்ணூரில் இருந்து வந்த ஜிப்சி டாப்பைத் தூக்கினேன், ஒரு பக்கம் முழுக்க என் கையோடு வந்துவிட்டது. நான் இழுக்கவே இல்லை. அண்ணே, எந்த மூலையில் பிரிந்தது, எவ்வளவு?

கல்மண்டபத்தான்:
பின்பக்கம், இடது மூலை. ஒரு அங்குலம் இருக்கும். நூல் விரலில் வெள்ளையாக ஒட்டியது.

தண்டையார்பேட்டை டாப்:
அது முன்னாடியே போயிருந்த நூல் அண்ணே.