தில்லியில் பழைய கார் வாங்குவதற்கு முன்: ஆர்.சி. (பதிவுச் சான்று) யார் பெயரில் இருக்கிறது?

கேள்வி:
வணக்கம். வேலை மாற்றலாகிக் கோவையிலிருந்து தில்லிக்கு வந்து, மயூர் விஹாரில் குடியேறியிருக்கிறோம். குழந்தையைப் பள்ளியில் விட ஐந்து லட்சத்துக்குள் பழைய கார் ஒன்று தேவை. கரோல் பாக் பக்கம் ஒரு கடையில் 2017 மாடல் டீசல் வண்டி காட்டினார்கள். விலை மிகவும் குறைவு. இந்தி தட்டுத்தடுமாறித்தான் வருகிறது. எதையெல்லாம் பார்த்து வாங்க வேண்டும்?

பதில்:
தம்பி, அந்த டீசல் வண்டியை மறந்துவிடுங்கள். விலை குறைவாக இருப்பதற்குக் கடைக்காரரின் தாராள மனம் காரணமல்ல. பத்து ஆண்டு கடந்த டீசல் வண்டியும் பதினைந்து ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டியும் தில்லியில் ஓடக் கூடாது என்று பசுமைத் தீர்ப்பாயம் சொன்னதை 2018இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. 2025 ஜூலையில் அப்படிப்பட்ட வண்டிகளுக்கு பங்க்கில் எரிபொருளே கிடையாது என்றார்கள். சில நாட்களில் அதை நிறுத்தி வைத்தார்கள். ஆகஸ்டில் வயதை மட்டும் வைத்து நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்று உச்ச நீதிமன்றம் தடுத்தது. இந்த விதி எப்போது எந்தப் பக்கம் சாயும் என்று செய்தித்தாளைப் பார்த்துப் பார்த்து வண்டி வைத்திருப்பது நமக்கு வேண்டாத வேலை.

அதைவிட உடனடியான தொல்லை ஒன்று உண்டு. 2017 டீசல் என்றால், வண்டிப் புகைக்கான அரசுத் தரத்தில் பி.எஸ். 4 ஆகத்தான் இருக்கும். பனிக்காலத்தில் காற்று மோசமாகி, காற்று மாசுக் கட்டுப்பாடுகளின் மூன்றாம் கட்டம் அமலுக்கு வந்தால், பி.எஸ். 3 பெட்ரோல் கார்களும் பி.எஸ். 4 டீசல் கார்களும் தில்லியிலும் குருகிராம், ஃபரீதாபாத், காஜியாபாத், நொய்டா பகுதிகளிலும் ஓடக் கூடாது. பள்ளிக்கு என்று வாங்கிய வண்டி வாசலிலேயே நிற்கும். (அந்த நாட்களில் சின்ன வகுப்புகளையும் பாதி இணைய வகுப்பாக மாற்றிவிடுவார்கள் என்பது வேறு விஷயம்.)

பெட்ரோல் வாங்குங்கள்; அல்லது கம்பெனியிலேயே சி.என்.ஜி. பொருத்தி வந்ததை வாங்குங்கள். வெளியில் பொருத்திய சி.என்.ஜி. என்றால் அது ஆர்.சி.யில் ஏறியிருக்கிறதா, மூன்று ஆண்டுக்கு ஒருமுறை செய்ய வேண்டிய சிலிண்டர் சோதனை நடந்திருக்கிறதா என்று கேளுங்கள்.

இனி என் கதை. நான் வாங்கிய பெட்ரோல் காரைப் பற்றிக் குறை சொல்ல ஒன்றுமில்லை. இன்றும் நன்றாகவே ஓடுகிறது. மேற்குத் தில்லியில் பெரிய கடை. கண்ணாடி அறை, தேநீர், மரியாதை எல்லாம் இருந்தன. முன் உரிமையாளரின் வங்கிக் கடன் அடைந்துவிட்டது என்றார்கள், அது உண்மைதான். ஒரு மாதத்தில் ஆர்.சி. உங்கள் பெயருக்கு மாறிவிடும் என்று ரசீதிலேயே எழுதிக் கொடுத்தார்கள். பெயர் மாற்றும் செலவு என்று தனியாக ஒரு தொகையும் வாங்கிக்கொண்டார்கள். ஆர்.கே. புரம் மலை மந்திரில் வண்டிக்குப் பூஜை போட்டு, எலுமிச்சம்பழம் ஏற்றி நசுக்கி வீட்டுக்கு வந்தோம். அர்ச்சனை என் பெயரில் நடந்தது, ஆர்.சி. வேறொருவர் பெயரிலேயே இருந்தது.

மாதம் கடந்தது. போன் எடுக்கவில்லை. நேரில் போனால் நமக்கு விற்ற பையன் வேலையை விட்டுப் போயிருந்தான். புதிதாக வந்தவர் முதலிலிருந்து கதை கேட்டார். "ஆர்.டி.ஓ.வில் நிற்கிறது" என்பது அவர்களுடைய நிரந்தரப் பதில். போக்குவரத்து அலுவலகத்தில் விசாரித்தபோது, இந்த எண்ணுக்கு விண்ணப்பமே வரவில்லை என்றார்கள். நல்லவேளையாக வண்டியோடு கொடுத்த பழைய இன்சூரன்ஸ் பாலிசியில் முன் உரிமையாளரின் முகவரி இருந்தது. அக்கம்பக்கத்தில் கேட்டுத் தொலைபேசி எண்ணைப் பிடித்தேன். மனிதர் மாற்றலாகிப் புணேயில் இருந்தார். பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30 இரண்டிலும் வெற்றாகக் கையெழுத்துப் போட்டு, வண்டியையும் கொடுத்துவிட்டு, எல்லாம் முடிந்தது என்று நினைத்திருந்தவருக்கு என் பார்க்கிங் அபராதக் குறுஞ்செய்திகள் போய்க்கொண்டிருந்தன. எனக்குக் கடைக்காரர் மேல் கோபம். புணேக்காரருக்கு என் மேல் கோபம்.

என்ன நடந்திருந்தது என்றால், கடன் அடைந்ததற்கு வங்கி கொடுத்த என்.ஓ.சி.யை (தடையில்லாச் சான்றை) கடைக்காரர் மேசை அறைக்குள் போட்டே காலாவதியாக்கிவிட்டார். புதிதாக ஒன்று வாங்கக் கடன் வாங்கியவர்தான் கேட்க வேண்டும். பதிவில் வங்கியின் பெயர் நீங்காமல் பெயர் மாற்றமும் நடக்காது. கடைசியில் அந்தப் புணேக்காரர்தான் வங்கியில் பேசி என்.ஓ.சி. வாங்கினார், வங்கியின் பெயரை நீக்கும் படிவம் 35இல் கையெழுத்துப் போட்டார், அவருடைய போனுக்கு வந்த ஓ.டி.பி.யைச் சொன்னார். வேலை முடிந்தது. இதற்கிடையில் கடையிலிருந்து வந்த ஒரே அழைப்பு, பெயர் மாற்றக் கட்டணம் பாக்கி இருக்கிறது என்று!

இதை வெறும் காகிதத் தாமதம் என்று சிலர் அலட்சியமாகச் சொல்வார்கள். எனக்கு அந்த அலட்சியம் பிடிக்காது. வண்டி எத்தனை கை மாறியிருந்தாலும் விபத்து நடந்தால் பதிவில் பெயர் இருப்பவர்தான் சட்டப்படி உரிமையாளர், இழப்பீட்டுக்கு அவரே பொறுப்பு என்று 2018இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அது விற்றவரின் தலைவலி. வாங்கியவரின் தலைவலி இன்சூரன்ஸ். வண்டி கைமாறிய 14 நாட்களுக்குள் பாலிசியை உங்கள் பெயருக்கு மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். பாலிசி பழையவர் பெயரில் இருக்கும்போது வண்டி நசுங்கினால், பழுதுச் செலவைத் தர நிறுவனம் மறுக்கலாம். இழப்பீடு கேட்காமல் இருந்ததற்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடியான பழையவரின் 'நோ கிளெய்ம் போனஸ்' அவரோடு போய்விடும். அது வண்டியோடு வராது. அதையும் சேர்த்து விலை பேசுகிற கடைகள் உண்டு.

ஆகவே கடைக்குள் நுழைந்ததும் பானட்டைத் திறக்கச் சொல்லாதீர்கள். முதலில் வண்டி எண்ணை வாங்கி, எம்பரிவாகன் என்ற அரசுச் செயலியில் போட்டுப் பாருங்கள். வங்கியின் பெயர் இருக்கிறதா, நீங்கள் எத்தனையாவது உரிமையாளர், இன்சூரன்ஸ் எதுவரை என்பதெல்லாம் தெரியும். இ-சலான் தளத்தில் பாக்கி அபராதங்களைப் பாருங்கள். அடுத்து, கடைக்கு அங்கீகாரச் சான்று இருக்கிறதா என்று கேளுங்கள். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வண்டி வியாபாரிகள் பதிவு அதிகாரியிடம் படிவம் 29பி-யில் சான்று பெற வேண்டும். உரிமையாளர் வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி வழியாகத் தெரிவிக்க வேண்டும். அப்படித் தெரிவித்த பிறகு அந்த வண்டிக்கு வியாபாரியே பொறுப்பு. சான்றைக் கேட்டதும் முகம் மாறுகிற கடையிலிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

விலையில் ஒரு பகுதியை ஆர்.சி. உங்கள் பெயரில் வரும்வரை நிறுத்தி வையுங்கள். முதல் கடையில் ஒப்புக்கொள்ள மாட்டார்கள், முகம் சுளிப்பார்கள். இரண்டாவது கடையில் ஒப்புக்கொள்வார்கள். முன் உரிமையாளரிடம் ஒருமுறையாவது நேராகப் போனில் பேசுங்கள், பேசாமல் பணம் கொடுக்காதீர்கள். ஆதாரில் தில்லி முகவரியை ஏற்றும் வேலையை இன்றே தொடங்குங்கள். கோவை முகவரியை வைத்துக்கொண்டு தில்லிப் பதிவு மாற்றுவது வீண் அலைச்சல்.

வண்டியைப் பொறுத்தவரை சேஸிஸ் எண்ணோடு கம்பெனி சர்வீஸ் சென்டருக்குப் போய், ஒவ்வொரு சர்வீஸின்போதும் பதிவான கிலோமீட்டரைக் கேளுங்கள். மீட்டரைத் திருப்பியிருந்தால் அங்கே தெரிந்துவிடும். சீட் பெல்ட்டை முழுவதுமாக இழுத்துப் பாருங்கள். 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டர் வரை ஏறி ஊருக்குள் வெள்ளம் புகுந்தது. நீரில் நின்ற வண்டியின் பெல்ட்டின் அடிப்பகுதியில் சேற்றுக் கறை ஒளிந்திருக்கும். மற்றதை நம்பகமான மெக்கானிக் ஒருவர் பார்த்துக்கொள்வார்.

மீறியும் ஏமாற்றினால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியவில்லை என்றால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும். ஐந்து லட்சம் வரை கட்டணம் இல்லை. 2019 சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடலாம் என்பதால், நாளைக்கே கோவைக்கு மாற்றலானாலும் கடைக்காரர் தப்ப முடியாது.

கேள்வி:
மிக்க நன்றி அண்ணா. ஒரு சந்தேகம். டீசல் இங்கே இவ்வளவு மலிவாகக் கிடைக்கிறதே, அப்பாவுக்காக வாங்கி ஊருக்கு அனுப்பினால் என்ன?

பதில்:
பலர் செய்கிறார்கள். தில்லி பதிவு அதிகாரியிடம் என்.ஓ.சி. வாங்க வேண்டும். தமிழ்நாட்டில் பன்னிரண்டு மாதத்துக்கு மேல் ஓட வேண்டுமானால் அங்கே புதிய பதிவு எண் பெற்று, வண்டியின் வயதுக்கு ஏற்ற சாலை வரியை மறுபடியும் கட்ட வேண்டும். லாரிச் செலவு தனி. எல்லாவற்றையும் கூட்டி, கோவையில் அதே வண்டி என்ன விலைக்குக் கிடைக்கிறது என்று பாருங்கள். என் மைத்துனர் இப்படிக் கணக்குப் போட்டபோது ஏறக்குறைய ஒன்றாகவே வந்தது. அவர் அங்கேயே வாங்கிக்கொண்டார்.