இறங்கும் நேரத்தில் "டிராஃபிக், டிராஃபிக்" என்று மட்டும் சொன்னால் பைலட் என்ன செய்வார்?

கரிசல்காட்டான்:
2025 ஜனவரி 29 இரவு வாஷிங்டன் ரீகன் விமான நிலையத்தில் இறங்க வந்த சிஆர்ஜே பயணிகள் விமானமும் ராணுவத்தின் பிளாக் ஹாக் ஹெலிகாப்டரும் மோதி 67 பேர் இறந்தார்களே, அதைப் படித்ததிலிருந்து ஒரு கேள்வி மனதை விட்டுப் போகவில்லை. மோதுவதற்கு ஏறத்தாழ 20 விநாடி முன்னால் காக்பிட்டில் டீகாஸ் (பக்கத்தில் வரும் விமானத்தோடு மோதாமல் எச்சரிக்கும் கருவி) "டிராஃபிக், டிராஃபிக்" என்று குரல் கொடுத்திருக்கிறது. இருபது வரை எண்ணிப் பார்த்தேன், நிறையவே நேரம் இருப்பதுபோல் தெரிகிறது. ஏறு, இறங்கு என்று ஏன் அது சொல்லவில்லை? பழுதா?

வலவன்:
பழுது இல்லை நண்பரே. டீகாஸ் இரண்டு கட்டமாகப் பேசும். நீங்கள் சொன்னது முதல் கட்டம், டிஏ, அதாவது வெறும் எச்சரிக்கை. பக்கத்தில் யாரோ வருகிறார்கள், கண்ணால் தேடு என்பதுதான் அதன் பொருள். அதை மட்டும் வைத்து விமானத்தைத் திருப்பக் கூடாது என்றுதான் பயிற்சியே கொடுக்கிறார்கள். இரண்டாவது ஆர்ஏ, அதாவது தப்பிக்கும் வழியைச் சொல்வது. "கிளைம்ப், கிளைம்ப்" என்று கட்டளையாக வரும், வந்தால் 5 விநாடிக்குள் செய்ய ஆரம்பித்தாக வேண்டும், கன்ட்ரோலர் வேறு மாதிரி சொன்னாலும் சரி.

ஆனால் தரையிலிருந்து சுமார் 1,000 அடிக்குக் கீழே போய்விட்டால் ஆர்ஏ வரவே வராது. வீல் இறக்கி, இறக்கையின் ஃபிளாப் தகடுகளை விரித்து, வேகம் குறைத்து வரும் விமானத்தைத் திடீரென்று கீழே போ என்று சொன்னால் எங்கே போகும்? அன்றைக்கு மோதல் நடந்தது 300 அடி வாக்கில். அந்த உயரத்தில் டிஏ வருவதும் 20 விநாடி இருக்கும்போதுதான், மேலே பறக்கையில் 48 விநாடி வரை கிடைக்கும். ஆக அது வரவேண்டிய நேரத்தில்தான் வந்தது.

அப்புறம் அந்த 20 விநாடி. திரையில் ஒரு மஞ்சள் வட்டம், பக்கத்தில் உயர வித்தியாசத்தைக் காட்டும் ஒரு எண், திசை தோராயம்தான். ரன்வே 1-க்கு வந்துகொண்டிருந்தவர்களை டவர் வேறொரு ரன்வேயான 33-க்கு மாற்றியிருக்கிறது, இருட்டில் ஆற்றின் மேல் இடது பக்கம் திரும்பிக்கொண்டே ரன்வே விளக்கைப் பார்த்து இறங்குகிறார்கள். நகரம் முழுக்க விளக்கு, அதில் எது ஹெலிகாப்டர்? கடைசி ஒரு விநாடியில் மூக்கைத் தூக்கியிருக்கிறார்கள், மூக்கை ஏற்றி இறக்கும் வால் தகடான எலிவேட்டர் கிட்டத்தட்ட முழுசாக மேல்நோக்கி இருந்ததாக, விபத்தை விசாரித்த அமெரிக்க அமைப்பான என்டிஎஸ்பி சொன்னது. அதைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை.

தென்றல்76:
அப்படியென்றால் இறங்கும்போது அந்தக் கருவியால் பயனே இல்லையா சார்? அதே ஊரில் 2025 மார்ச் 1 அன்று பக்கத்தில் யாருமே இல்லாமல் பல விமானங்களுக்கு எச்சரிக்கை வந்ததே, அதை எப்படி நம்புவது?

வலவன்:
1,000 அடிக்கு இறங்கி வரும் வரைக்கும் ரொம்பவே பயன்படுகிறது. மார்ச் 1 விஷயம் வேறு, ட்ரோன் தடுப்புக் கருவிகளைச் சோதித்தபோது டீகாஸின் அலைவரிசை குழம்பியதாகப் பிறகு செனட் விசாரணையில் வெளியானது. பொய்யாக இருந்தாலும் ஆர்ஏ வந்தால் கேட்டுத்தான் ஆக வேண்டும், பொய்யா என்று உட்கார்ந்து யோசிக்க நேரம் கிடையாது. அதனால்தான் அந்தச் சோதனை எனக்குக் கோபத்தை வரவழைக்கிறது.

செங்கால்நாரை:
டீகாஸ் கடைசி வேலி, அவ்வளவுதான். 1996 நவம்பர் 12 சர்க்கி தாத்ரியை நினைத்துப் பாருங்கள். டெல்லியில் இறங்க வந்த கஜகஸ்தான் விமானமும் அங்கிருந்து கிளம்பிய சவுதி ஜம்போவும் மோதி 349 பேர் போனார்கள். வருவதற்கும் போவதற்கும் ஒரே வழி. டீகாஸ் கட்டாயம் என்று இந்தியாவில் வந்தது அதற்குப் பிறகுதான்.

வாஷிங்டனிலும் கேட்க வேண்டியது வழியைப் பற்றித்தான். ஹெலிகாப்டர் பாதையின் உச்சவரம்பு 200 அடி, ரன்வே 33-க்கு இறங்கும் விமானத்துக்கும் அதற்கும் நடுவே சில இடங்களில் 75 அடிதான் என்று என்டிஎஸ்பி கண்டுபிடித்தது. ஒரு ஏழு மாடி வீட்டு உயரம்! அன்றைக்கு ஹெலிகாப்டரின் ரேடியோ ஆல்டிமீட்டர் (உயரம் அளக்கும் கருவி) காட்டியது 278 அடி. இந்த நெருக்கடியை எந்தக் கருவியாலும் சரிக்கட்ட முடியாது.

கரிசல்காட்டான்:
நன்றி வலவன் சார், நன்றி நாரை. அந்தப் பாதை இப்போதும் இருக்கிறதா?

செங்கால்நாரை:
விமான நிலையத்தை ஒட்டிய பகுதியை 2025 மார்ச்சிலேயே மூடிவிட்டார்கள்.